முப்பத்து நாலு அங்குலம்

இது நடந்தது. யாருக்கோ நடந்தது, அவர் இன்னொருவரிடம் சொன்னார் என்கிற ரகம் இல்லை. நடந்தது மாரிசெல்விக்கு. தாராவியில் தோல் பைக்கு உள்துணி தைக்கிற பட்டறையில் அவள் மிஷினும் என் மிஷினும் எதிரெதிரே கிடக்கின்றன. ஒன்பது வருடமாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் ஊசியில் நூல் கோக்கிறேன். அவள் பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். புருஷனிடம் போனில் பொய் சொல்லும்போது மூக்கைச் சொறிவாள். இதைச் சொல்லி முடிக்கும்வரை அவள் கை மூக்குப் பக்கமே போகவில்லை.

நான் பேயை நம்புகிறவள் இல்லை. மழைக்காலத்தில் அடுத்த வண்டி நாலு நிமிஷத்தில் என்று ஸ்டேஷனில் போர்டு எரிந்தால் அதையே நம்பாதவள். ஆனால் இதன் கடைசிப் பகுதியை நானே என் காதால் கேட்டேன். அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

போன வருடம், ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை.

அதற்கு முன்னால் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நெல்லைப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்பிள்ளையைக் கன்னி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். அவளுக்கென்று ஒரு பெட்டி இருக்கும். உள்ளே பாவாடை, சட்டை, தாவணி, கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு. வருடத்துக்கு ஒருமுறை தை மாதம் புதுத் துணி வைத்துப் படைத்துவிட்டு, பழைய துணியை எடுத்து வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மாரிசெல்வி வீட்டுக் கன்னி அவள் புருஷன் சுடலைக்கண்ணனின் தங்கை. பெயர் பிரம்மசக்தி, வீட்டில் பிரமு. பதின்மூன்று வயதில், இதே தாராவியில், ஒரு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டாள். அப்போது மாரிசெல்வி இந்த வீட்டு மருமகளாகவே வரவில்லை. கன்னிக்கு வயது ஏறாது. ஆகவே துணி அளவும் மாறாது. இடுப்பு இருபத்து நாலு, நீளம் முப்பத்து நாலு அங்குலம். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து மாரிசெல்விதான் தைக்கிறாள். வெட்டும்போது டேப் எடுக்கவே மாட்டாள், கைக்கே அளவு தெரியும்.

இறந்துபோன அவள் மாமியார் ஒரு விஷயத்தை மட்டும் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் புதுசை உள்ளே வை, பிறகு பழசை எடு. பெட்டி ஒரு நிமிஷம்கூட வெறும்பெட்டியாக இருக்கக் கூடாது. ஏன் என்று மாரிசெல்வி கேட்டதில்லை. மாமியாரிடம் ஏன் என்று கேட்கிற தைரியம் நம்மில் யாருக்குத்தான் இருந்தது?

ஆகஸ்டில் அவர்கள் தேவ்நாரில் ஒரு வாடகை பிளாட்டுக்கு மாற வேண்டியிருந்தது. புது வீட்டில் பரண் இல்லை. தகரப் பெட்டியை எங்கே வைப்பது? சுடலைக்கண்ணன் டெம்போ ஓட்டுகிறவர், எதையும் சட்டென்று முடிவு செய்கிற ஆள். "பெட்டியோட கூட ஒரு படம் வரஞ்சி மாட்டிருவோம். போகப் போக படத்தையே கும்பிட்டுக்கிடலாம்" என்றார். ஆனால் பிரமுவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

பக்கத்து வீட்டு லூர்தம்மாளின் மகள் ஜெனிதான் போனில் தேடி பரீஹாவைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். ஜெனிக்குப் பத்தொன்பது வயது, வாஷியில் ஓர் ஆபீசில் வேலை. நல்ல உயரம், ஐந்தடி ஏழு அங்குலம். நம் ஆட்களில் இவ்வளவு உயரமா என்று ரயிலில் திரும்பிப் பார்ப்பார்கள். மாரிசெல்வியை "செல்வி ஆன்ட்டி, செல்வி ஆன்ட்டி" என்று சுற்றி வருகிற பிள்ளை. லூர்தம்மாள் வீட்டுச் சாவி இங்கேயும் மாரிசெல்வி வீட்டுச் சாவி அங்கேயுமாக இருபது வருடப் பழக்கம்.

பரீஹா ஓவியம் படித்த பெண். மேலப்பாளையத்திலிருந்து வந்த குடும்பம். இறந்தவர்களை ஆயில் பெயின்டில் வரைந்து கொடுப்பாள். போட்டோ இல்லை என்றதும் அவள் யோசிக்கவில்லை. "சாயல்ல யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க ஆன்ட்டி. மூணு தடவ உக்காந்தா போதும்" என்று சொல்லிவிட்டாள்.

சாயலுக்கு எங்கேயும் போக வேண்டாம். மாரிசெல்வியின் மகள் ஆவுடை, பிரமுவை உரித்து வைத்திருப்பதாக மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆவுடைக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் ஆவ்னி என்று பெயரை மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவைக் கூப்பிடுவது மம்மி. பேசுவதில் பாதி இந்தி. போன் கையில் இல்லாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் அதிசயம். மாரிசெல்விக்கு அவள் ஒரே பிள்ளை, மூன்று கலைந்த பிறகு தங்கியது. அவளுக்குத் தும்மல் வந்தால் இவள் அன்றைக்குத் தையலைக் கோணலாகத் தைப்பாள்.

முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் ஒன்றும் நடக்கவில்லை. பரீஹா முகத்தைப் பென்சிலில் எழுதிக்கொண்டாள். மூன்றாவது தடவைக்கு அவள் ஒன்று கேட்டாள்.

"டிரஸ் அசல் வேணும் ஆன்ட்டி. மடிப்ப கண்ணால பாத்துத்தான் போடணும். மனசுல நெனச்சிப் போட்டா பொம்ம மாதிரி ஆயிரும்."

புதுத் துணி தைக்க தை மாதம்வரை நேரம் இருந்தது. மாரிசெல்வியிடம் வேறு செட் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பெட்டியைத் திறந்து, கும்பிட்டுவிட்டு, பச்சைப் பாவாடையையும் சட்டையையும் மெரூன் தாவணியையும் வளையலையும் எடுத்துப் பைக்குள் வைத்தாள். சாயந்திரம் திருப்பி வைத்துவிடப் போகிறோம், சில மணி நேரம்தானே என்று நினைத்தாள்.

பெட்டிக்குள் ரிப்பனும் சீப்பும் மட்டும் கிடந்தன. துணி என்று ஒரு கைக்குட்டையைக்கூட வைக்கவில்லை.

பரீஹாவின் அறை மாட்டுங்கா லேபர் கேம்பில், அவள் அப்பா முகைதீனின் பெல்ட் பட்டறைக்கு மேலே. தகரக் கூரை. ஏறிப்போக சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணி. ஏணி முடிகிற இடத்தில் அறையின் தரையிலேயே ஒரு பலகைக் கதவு. மேலே ஏறியதும் அதை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கமாக நகர்கிறவர் நேரே கீழேதான். ஜன்னல் ஒன்றே ஒன்று, கம்பி போட்டது. திறந்தால் ஒரு முழத்தில் எதிர் வீட்டுச் சுவர். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகப் பட்டறையை மூடிவிடுவார்கள். மிஷின் சத்தம் இருக்காது என்றுதான் பரீஹா அந்த நேரத்தைக் கொடுத்திருந்தாள்.

மதியம் 1.20க்கு அவர்கள் ஏறினார்கள். வெளியே நல்ல மழை.

திரைக்குப் பின்னால் நின்று ஆவுடை துணி மாற்றினாள். பாவாடை அவளுக்குக் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. இடுப்புக் கொக்கி எட்டவில்லை. மாரிசெல்வி ஓர் ஊக்கைக் குத்தி ஒப்பேற்றினாள். வளையல் கைக்குள் போகவே மாட்டேன் என்றது. சோப்பு நுரை தடவி, பிள்ளை "ஆ, மம்மி" என்று கத்தக் கத்த ஏற்றினாள். மகளின் மஞ்சள் பனியனையும் ஜீன்ஸையும் மடித்துத் தானே பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். இந்த ஜிப் விஷயத்தை மறந்துவிடாதீர்கள்.

1.35க்கு ஆவுடை முக்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன. கொஞ்ச நேரம் முனகினாள். எப்போது முடியும், போன் தா, கழுத்து வலிக்கிறது. பிறகு முனகலும் நின்றது. பரீஹா விறுவிறுவென்று வரைந்தாள். பாவாடை வந்தது, தாவணி வந்தது, மடியில் வைத்த கை வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்.

2.05க்குக் கீழே ஏதோ மிதந்து சுவரில் முட்டுகிற சத்தம் கேட்டது. பரீஹா கதவைத் தூக்கிப் பார்த்தாள்.

"அரே... தண்ணி உள்ள வந்துட்டு. அப்பாவோட தோல் எல்லாம் நனஞ்சிரும். பத்து நிமிஷம் ஆன்ட்டி. ஆவ்னி, அசையாத."

அவள் இறங்கினாள். கதவு அவள் தலைக்கு மேலே மூடிக்கொண்டது. ஆவுடை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அசையாதே என்றால் எவ்வளவு சொன்னபடி கேட்கிறாள் என்று மாரிசெல்விக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

2.07க்குக் கரண்ட் போனது. காற்றாடி கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. தகரத்தின் மேல் மழைச் சத்தம் மட்டும். பகல்தான், ஆனால் சாம்பல் பகல். பிள்ளையின் முகம் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாமல் மாரிசெல்வி எழுந்து படத்தைப் பார்த்தாள். தையல்காரி கண் நேராகத் துணிக்குத்தான் போகும். போனதும் எரிச்சல் வந்தது. பரீஹா பாவாடையைக் கணுக்கால்வரை வரைந்திருந்தாள். இங்கே ஒரு சாண் குட்டையாக நிற்கிறது, அவள் பாட்டுக்கு இழுத்து விட்டிருக்கிறாளே. கண்ணால் பார்த்துத்தான் போடணும் என்று எவ்வளவு பேச்சு பேசினாள்.

அளவு எவ்வளவு தப்பு என்று பார்க்க முக்காலிப் பக்கம் திரும்பினாள்.

பாவாடை கணுக்கால்வரை இருந்தது.

உட்கார்ந்ததில் இறங்கியிருக்கும் என்று நினைத்தாள். உட்கார்ந்தால் துணி ஏறுமே தவிர இறங்காது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

"ஆவுடை, போன் வேணுமாட்டி?"

பிள்ளை கையை நீட்டவில்லை.

அந்தப் பிள்ளை போனை வேண்டாம் என்று இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

2.20. போய்ப் பரீஹாவைக் கூப்பிடலாம் என்று பலகைக் கதவின் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். மழையில் மரம் ஊதியிருக்கும். பரீஹா, பரீஹா என்று கத்தினாள். தகரச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பரீஹாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது... அந்த அறையிலேயே, தூரிகை வைத்திருந்த டப்பாவுக்குப் பின்னால்.

சுடலைக்கண்ணன் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். போனில் பதினோரு சதவீதம் சார்ஜ் இருந்தது.

2.31. பின்னால் வளையல் சத்தம்.

சலங்... சலங்...

சோப்புப் போட்டு ஏற்றிய வளையல் அது. அசைய இடமே இல்லாமல் இறுகிக் கிடந்தது. இப்போது மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

2.36. டிக்.

தரையில் ஏதோ விழுந்தது. ஊக்கு. மாரிசெல்வி குனிந்து எடுத்தாள். திறந்து விழவில்லை. பூட்டியது பூட்டியபடி இருந்தது. எட்டாமல் இருந்த இடுப்புக் கொக்கி இப்போது மாட்டிக் கிடந்தது.

2.40. டக்... டக்... டக்...

குதிகால் முக்காலிக் காலில் மோதுகிற சத்தம். சின்னப் பிள்ளைகள் உயரமான இடத்தில் உட்கார்ந்தால் காலை ஆட்டுவார்களே, அது.

பாதம் தரையில் இல்லை. நாலு விரல் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

மாரிசெல்வி சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டாள். முக்காலிக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு எட்டுத்தான் இடம். எங்கேயும் போக முடியாது. போகவும் மனம் வராது. முக்காலியில் உட்கார்ந்திருப்பது அவள் பிள்ளை அல்லவா.

"ஆவுடை..."

கால் ஆடுவது நின்றது.

"மைனி."

மழைச் சத்தத்துக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்டது.

"மைனி, இது எனக்குத்தான தச்சீங்க?"

ஆவுடைக்கு மைனி என்கிற சொல்லே தெரியாது. அண்ணன் பெண்டாட்டியை அப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. இந்த உலகத்தில் மாரிசெல்வியை மைனி என்று கூப்பிட ஒரே ஒருத்திக்குத்தான் உறவு. மாரிசெல்வி அவளைப் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் பெட்டி ஞாபகம் வந்தது. பரண் மேல் இருக்கிற வெறும்பெட்டி.

2.52க்கு லூர்தம்மாளுக்குப் போன் போட்டாள். ஏழு சதவீதம்.

"எக்கா, எங்க வீட்டுச் சாவி ஒங்ககிட்ட இருக்குல்லா?"

"இருக்கு. என்னட்டி, கொரல் ஒரு மாதிரி இருக்கு?"

"பரண்ல தகரப் பெட்டி இருக்கும். அதுக்குள்ள ஒரு துணிய வையுங்க."

"கன்னிப் பெட்டியா? செல்வி, அது ஒங்க சாமி. நான் எப்படி..."

"ஒங்க கால்ல விழுதேன் எக்கா."

லூர்தம்மாள் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல மனுஷி. இந்தக் கதையில் அவளை மட்டும்தான் நான் முழு மனதாக நல்லவள் என்று சொல்வேன்.

பன்னிரண்டு நிமிஷம். மாரிசெல்வி எண்ணிக்கொண்டே நின்றாள். முக்காலியில் இருந்தது மறுபடி காலை ஆட்டத் தொடங்கியது.

டக்... டக்...

3.04. போன் வந்தது.

"செல்வி, பெட்டி சும்மா இல்லயே. துணி இருக்கு."

"என்ன துணி?"

"ஆவுடையோடது. அந்த மஞ்ச பனியனும் ஜீன்ஸும். மடிச்சி, மேல ரிப்பன வச்சிருக்கு. நீ வச்சதுதான?"

மாரிசெல்வி பையை எடுத்தாள். ஜிப் மூடியே இருந்தது. திறந்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை.

பிரமு தன் துணியை எடுத்துக்கொண்டாள். பெட்டி வெறும்பெட்டியாக இருக்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். அதற்கு மேல் யோசிக்க மாரிசெல்விக்குத் தைரியம் இல்லை.

"எக்கா, வேற துணி வையுங்க. மொதல்ல அத வையுங்க. பொறவு இத வெளிய எடுங்க."

"சரிட்டி. பீரோவுல ஆவுடை சட்ட ஏதாவது..."

"வேண்டாம். எம்பிள்ளத் துணி வேண்டாம்."

"அப்பம் யாருது வைக்க?"

"ஒரு பொம்பளப் பிள்ளத் துணி. யாருதாச்சும். யாருதாச்சும் வையுங்க எக்கா."

போன் அணைந்துவிட்டது.

இனி மணி பார்க்கவும் வழி இல்லை. பரீஹாவின் போன் ஞாபகம் வந்து அதை எடுத்துத் திருப்பினாள். 3.08.

முக்காலி கிறீச்சிட்டது.

இறங்குகிறாள்.

கால் தரையைத் தேடித் தேடி இறங்கியது. நின்றபோது அது மாரிசெல்வியின் தோள் உயரம்கூட இல்லை. ஆவுடை அம்மாவைவிட இரண்டு விரல் உயரம்.

"மைனி..."

ஓர் எட்டு வைத்தது.

"நாளைக்கும் இதயே போட்டுக்கிடட்டா?"

"பிரமு... எம்பிள்ளயத் தந்துரு தாயி. ஒனக்கு என்ன வேணும்னாலும் தைக்கேன். எம்பிள்ளயத் தந்துரு."

இன்னோர் எட்டு.

சலங்...

கையை நீட்டியது. வளையல் நழுவி விரல்வரை வந்தது. கை குளிர்ந்திருந்தது. மாரிசெல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

பட்.

கொக்கி தெறித்த சத்தம்.

"மம்மி... கால் மரத்துப் போச்சு. கித்னா டைம் லகேகா, இன்னும் எவ்ளோ நேரம் வரைவா? போன் தா."

கண்ணைத் திறந்தாள். ஆவுடை நின்றுகொண்டிருந்தாள். அம்மாவைவிட இரண்டு விரல் உயரமாக. பாவாடை கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே. வளையல் கையை இறுக்கிச் சிவக்க வைத்திருந்தது. மாரிசெல்வி அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் பிள்ளை பயந்தே போனாள். மணி 3.17.

3.25க்குப் பரீஹா பலகைக் கதவை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். "இந்தக் கதவு எப்பவும் ஒட்டாதே ஆன்ட்டி" என்றாள். மாரிசெல்வி மகளை இழுத்துக்கொண்டு, அந்தப் பாவாடையோடேயே, மழையில் இறங்கி வீட்டுக்குப் போனாள். பெட்டி பரண் மேல் மூடியபடி இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வேட்டியால் பெட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டாள். ஆவுடைக்கு முக்காலியில் உட்கார்ந்து தூங்கிப்போனது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நானும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி பரீஹா படத்தை முடித்துச் சட்டம் போட்டு வீட்டுக்கே கொண்டு வந்தாள். சுடலைக்கண்ணன் பார்த்துவிட்டு, "இது பிரமு இல்லயே" என்றார். ஆவுடையும் தன்னுடைய முகம் இல்லை என்றாள். பரீஹாவுக்கு முகம் வாடிவிட்டது. பென்சிலில் எழுதியதைப் பார்த்துத்தான் போட்டேன், ஒரு கோடுகூட மாற்றவில்லை என்று சத்தியம் செய்தாள். அந்த நேரம் லூர்தம்மாள் உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"ஏ, இது எங்க ஜெனிலா. சர்ச்சுல மொத மொத புதுநன்ம வாங்குன வருசம் அச்சு அசலா இப்படித்தான் இருந்தா."

பரீஹா ஜெனியை நேரில் பார்த்ததே கிடையாது.

எல்லோரும் போன பிறகு மாரிசெல்வி கேட்டாள். "எக்கா, அன்னைக்குப் பெட்டில என்ன துணி வச்சீங்க?"

"அவசரத்துக்கு வேற என்ன ஆம்புடும்? எங்க ஜெனியோட புதுநன்மக் கவுனு. பத்திரமா வச்சிருந்தேன். நீதான யாருதாச்சும் வைன்னே" என்றாள் லூர்தம்மாள்.

மறுநாள் மாரிசெல்வி வேலைக்கு வரவில்லை. விடிந்ததும் உட்கார்ந்து புதுப் பாவாடை சட்டை தைத்திருக்கிறாள், அதே அளவில். பத்து மணிக்கு வேட்டிக் கட்டை அவிழ்த்து, முறைப்படி புதுத் துணியை முதலில் உள்ளே வைத்து, பிறகு வெள்ளைக் கவுனை எடுத்தாள். மாமியார் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பவில்லை. கவுனைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

உள்ளேயிருந்து ஆவுடை நடந்து வந்தாள். ஜீன்ஸ் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. நழுவாமல் இடுப்பை ஒரு கையால் பிடித்திருந்தாள். எதையோ சொல்ல வாயைத் திறந்தாள்.

தன்னை என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறாள் என்று கேட்க மாரிசெல்வி காத்திருக்கவில்லை. பிரமுவுக்கு இனி வெறும் துணி போதாது, ஒரு பிள்ளையின் துணி வேண்டும் என்று மட்டும் புரிந்தது. கவுனைத் திருப்பிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். இந்தத் தடவை அவள் கையாலேயே வைத்தாள்.

தேவ்நாரில் ஆவுடை நன்றாக இருக்கிறாள். இன்னும் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டாள்.

அக்டோபரில் லூர்தம்மாள் பட்டறைக்கு வந்தாள். கையில் ஒரு சுடிதார் பேண்ட். "செல்வி, ஜெனிக்கு இது காலத் தட்டுது. கொஞ்சம் மடிச்சித் தச்சிக் குடேன்" என்றாள். நவம்பரில் மறுபடி வந்தாள். ஜனவரியில் ஒரு பை நிறையக் கொண்டு வந்தாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றாராம். அப்போதுதான் நான் மாரிசெல்வியை விடாமல் கேட்டேன். வளர்ந்த பிள்ளைக்கு ஏன் மாதா மாதம் துணியைக் குறைக்கிறாய் என்று. டீக்கடைச் சுவரோரம் நின்று அவள் எல்லாவற்றையும் சொன்னது அன்றைக்குத்தான்.

"லூர்தம்மாள்கிட்ட சொல்லிருட்டி" என்றேன்.

"சொன்னா கவுன எடுக்கச் சொல்லுவா. எடுத்தா யாருத வைக்க?" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை மாரிசெல்வி இன்னொரு பேண்ட்டை மடித்துத் தைத்தாள். தைத்து முடித்ததும் டேப்பை எடுத்து, எனக்குத் தெரிகிற மாதிரி மேஜை மேல் விரித்து அளந்தாள். முப்பத்து நாலு.

"இனிமே மடிக்க வேண்டியிருக்காது" என்றாள்.

நேற்று மதியம் 1.20க்கு அதை வாங்கிப்போக ஜெனியே வந்தாள். மிஷின்களுக்குப் பின்னால் வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. நான் முதலில் ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று நினைத்தேன். கையில் வளையல் சலங் என்றது.

"மைனி... தச்சாச்சா?"

மாரிசெல்வி நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பேண்ட்டை மடித்து, அவள் கையில் கொடுத்தாள்.